மருந்துத் தூள் மட்டும் போதுமா?

பழவேற்காட்டுக் குப்பங்களின் குடிஜலம் பற்றி ஓர் அபிப்பிராயம்

(ஓர் அரசாங்க விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவக் குப்பங்களில் குடிக்கத் தகுந்த ஜலம் எக்காலத்தும் அருமையான பொருளாகவே இருந்து வருகிறது. கிழக்கே கடல், மேற்கே ஏரி, இரண்டிற்கும் இடையே மணல்திட்டு. ஆரணியாறும் காளாங்கியாறும் கொண்டுவரும் வெள்ளத்தால் மழைக்காலத்தில் ஏரி ஜலம் இளகுவதும், கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோகுங்கால் அது கடல் ஜலத்தைக் காட்டிலும் கரிப்பதும் அவ்விடத்தார் நன்கறிந்த விஷயங்கள். கிணறு தோண்டினால் பல இடங்களில் உவரே ஊறும். ஆகையால் குழாய் வழியாகவோ லாரியிலோ வெளியிலிருந்து வரும் ஜலத்தையும், மணல்மேட்டில் கையால் தோண்டிய ஊற்றையும் நம்பியே அநேக குடும்பங்கள் ஜீவிக்கின்றன. இவ்வளவு பிரயாசைப்பட்டுச் சேகரித்த ஜலமே வீட்டிற்குள் வியாதியைக் கொண்டுவருமாயின், அதனினும் கொடுமை வேறில்லை.

உழவுக்கும் எருவுக்கும் உரிய இப்பத்திரிகையில் குடிஜலத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நான் சொல்லப்போகும் பிராணிகள் வயலிலும் தொட்டியிலும் இறால் குளத்திலும் ஒருங்கே வாழ்பவை என்பது ஒரு காரணம். இவ்விஷயத்தில் நானே பல வருஷங்கள் அரைகுறையான உபதேசம் செய்து வந்திருக்கிறேன் என்பதும், அதைத் திருத்திக்கொள்வது என் கடமை என்பதும் மற்றொரு காரணம்.

ஏரிக்கரையிலுள்ள ஒரு குப்பத்திற்கு இலாகா வேலையாகச் சென்றபோதெல்லாம், "மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறீர்களா?" என்று கேட்பது என் வழக்கம். "போடுகிறோம்" என்பார்கள். அத்துடன் திருப்தியடைந்து திரும்பிவிடுவேன். ஒரு கோடையில் அங்கே பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஒரு தாய் என்னை நிறுத்தி, "மருந்து போட்ட தண்ணியைத்தானே ஐயா குடிக்கிறோம், பின்னே ஏன் பிள்ளைக்கு இப்படி ஆகுது?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. அன்று முதன்முறையாக ஏணிவைத்துத் தொட்டியின்மேல் ஏறிப் பார்த்தேன். ஜலம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் உட்சுவரில் கையை வைத்தபோது வழுவழுவென்று ஒரு படலம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் நாலு விரற்கடை உயரத்திற்குச் சேறு படிந்திருந்தது. தொட்டியைக் கழுவி எத்தனை காலமாயிற்று என்பதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அந்தப் படலத்தில் சிறிது வழித்தெடுத்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். தன் உருவத்தைக் கணத்துக்குக் கணம் மாற்றிக்கொண்டு ஊர்ந்து செல்லும் அமீபாக்களும், உடலைச் சுற்றிலும் மெல்லிய ரோமம் போன்ற இழைகளை அடித்துக்கொண்டு நீந்தும் பிராணிகளும் அதில் நிறைந்திருந்தன. குழந்தைகளின் நோய்க்கு இவைதாம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை அறிய வேறு பரீக்ஷைகள் வேண்டும். ஆனால் மருந்து போட்டும் அத்தொட்டி ஓர் உயிர்க்காடாக இருந்தது என்பது கண்கூடு. அக்காட்டில் நடப்பது என்ன என்பதை அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் அவசியம்.

ஓரணுப் பிராணிகள் யாவை?

பாக்டீரியா என்னும் கிருமிகளைப் பற்றி இப்பத்திரிகையின் நேயர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். பயறுவகைகளின் வேர்முடிச்சில் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதும் பாக்டீரியாவே, வாந்திபேதியை உண்டாக்குவதும் பாக்டீரியாவே. இவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இருக்கும். இவற்றைவிடப் பத்து மடங்கும் நூறு மடங்கும் பெரியவையாய், ஒரே அணுவாலான உடலைக்கொண்டு, பாக்டீரியாவையே முக்கிய ஆகாரமாக உண்டு வாழும் பிராணிகளுக்குப் புரோட்டோசோவா என்று பெயர். இவற்றுள் மலேரியாவைப் போல மனிதன் உடலுக்குள் புகுந்து வாழ்வன சில. ஈரமான மண்ணிலும், குட்டையிலும், ஆற்றிலும், கடலிலும் எவரையும் சாராமல் சுயேச்சையாக வாழ்வனவே மிகப் பல. நாம் இங்கே பேசுவது இந்தச் சுயேச்சைப் பிராணிகளைப் பற்றி மாத்திரமே.

இவற்றின் மகிமையை முதன்முதலில் கவனித்தவர்களில் விவசாய சாஸ்திரிகளும் உண்டு. இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரஸ்ஸல், ஹட்சின்ஸன் என்னும் இருவர், மண்ணைச் சூடேற்றியும் டாலுயீன் முதலிய திராவகத்தைக் கலந்தும் பார்த்ததில், முதலில் பாக்டீரியாவின் தொகை குறைந்து, பின்னர் முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு பெருகுவதைக் கண்டனர். பாக்டீரியாவைத் தின்னும் பிராணிகள் மடிந்துபோனதே இப்பெருக்கத்திற்குக் காரணம் என்று அவர்கள் 1909-ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதே நிலையத்தில் கட்லரும் அவருடைய உதவியாளர்களும் 365 நாட்கள் இடைவிடாமல் மண்ணை எடுத்து எண்ணி, அமீபாக்கள் மிகுந்த நாளில் பாக்டீரியா குறைவதையும், அமீபாக்கள் குறைந்த நாளில் பாக்டீரியா மிகுவதையும் 1922-ல் வெளியிட்டனர்.

நல்ல பாக்டீரியாவைத் தின்றுவிடுவதால் இப்பிராணிகள் உழவனுக்குச் சத்துருக்கள் என்று அக்காலத்தில் எண்ணினார்கள். பிற்கால ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. பாக்டீரியாவின் உடலில் அடைபட்டுக் கிடக்கும் நைட்ரஜனில் ஒரு பாகத்தை, அவற்றைத் தின்ற பிராணிகள் கழிவாக வெளியிடுவதால் அது பயிர்வேருக்கு எட்டுகிறது என்பது இப்பொழுது தெளிவாகியிருக்கிறது. சத்துரு என்று முதலில் எண்ணிய பிராணி மித்திரனாக முடிந்தது. ஜலத்தின் விஷயத்திலோ இப்பிராணி மித்திரனாகவும் இருக்கிறது, சத்துருவுக்குப் புகலிடமாகவும் இருக்கிறது.

காவல் செய்யும் பிராணி

முதலில் அதன் நன்மையைச் சொல்லுகிறேன். சாக்கடை ஜலத்தைக் காற்றூட்டிச் சுத்தஞ்செய்யும் தொட்டிகளில், இழைப்பிராணிகள் இல்லாதபோது வெளிவரும் ஜலம் பாக்டீரியா மிகுந்து கலங்கியும், அவற்றைச் சேர்த்தபின் தெளிந்தும் இருப்பதை 1968-ல் இங்கிலாந்தில் பரீக்ஷை செய்து காட்டினார்கள். அத்தொட்டிகளில் கூலியின்றி வேலை செய்பவை இப்பிராணிகளே.

குடிஜலத்தில் இதற்கு மேலான உதாரணம் மணல் வடிகட்டி. லண்டன் நகரில் ஜேம்ஸ் ஸிம்ப்ஸன் என்பவர் 1829-ல் மணற்படுகையின் வழியாக ஜலத்தை மெல்ல இறக்கி வடித்துக் கொடுக்கலானார். அக்காலத்தில் கிருமிகளைப் பற்றி ஒருவரும் அறியார். மணல் அழுக்கைத் தடுக்கிறது என்று மாத்திரம் எண்ணினார்கள். 1892-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் வாந்திபேதி கண்டு எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். அந்நகரம் எல்பா நதியின் ஜலத்தை வடிக்காமல் விநியோகித்து வந்தது. அதற்கு அடுத்தாற்போல் அதே நதியில் கீழ்ப்புறமாக, அதாவது ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த பின் ஜலமெடுத்த ஆல்டோனா நகரமோ, மணலில் வடித்துக் கொடுத்த காரணத்தால் பெரும்பாலும் தப்பிற்று. ராபர்ட் காக் முதலியோர் இதை எடுத்துக்காட்டிய பிறகு மணல் வடிகட்டியின் பெருமையை உலகம் உணர்ந்தது.

மணலின் இடுக்குகள் பாக்டீரியாவின் உருவத்தைவிட மிகப் பெரியவை. சல்லடை போலத் தடுப்பதனால் மாத்திரம் இந்தப் பலன் கிடைத்திராது. சில வாரங்கள் ஜலம் ஓடியபின் மணலின் மேற்பரப்பில் ஒரு ஜீவப்படலம் படிகிறது. வரும் கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே குடியிருக்கும் ஓரணுப் பிராணிகள் அவற்றை மேய்ந்துவிடுகின்றன. புதிதாகக் கட்டிய வடிகட்டி முதல் நாளிலேயே நன்கு வேலை செய்யாததற்கும், நாளாக நாளாகச் சிறப்பதற்கும் இதுவே முக்கிய காரணம். சென்னை நகருக்குச் செங்குன்றம் ஏரியிலிருந்து வந்த ஜலத்தை வடிக்கக் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் ஏற்படுத்தியதும் இவ்விதமான மணல் வடிகட்டியே. அந்த ஏரி நம் ஜில்லாவில்தான் இருக்கிறது.

இன்னும் அருகே ஓர் உதாரணம் வேண்டுமாயின், குப்பத்துப் பெண்கள் மணல்மேட்டில் தோண்டும் ஊற்றைப் பார்க்கலாம். மழையாகப் பெய்த நன்னீர் மணலுக்குள் மெல்ல இறங்கி, கீழேயுள்ள உவர் ஜலத்தின்மேல் மிதந்து நிற்கிறது. அது இயற்கையே வைத்த மணல் வடிகட்டி. ஊற்று ஜலம் ருசியானது, நல்லது என்று பாட்டிமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதன் அருகே கழிப்பிடமும் கால்நடையும் மீன்கழிவும் இராதவரையில்தான் அந்த நியாயம் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கள்ளனுக்கு இடங்கொடுக்கும் பிராணி

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஓரணுப் பிராணி விழுங்கிய எல்லாக் கிருமிகளும் சீரணமாகிவிடுவதில்லை. 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களிடையே ஒரு புதுவகைச் சுவாசநோய் தோன்றிப் பலர் மாண்டனர். அதற்குக் காரணமான லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா, அமீபாவால் விழுங்கப்பட்டும் சாகாமல், அதன் வயிற்றிலேயே பெருகி, முடிவில் அதைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதை இங்கிலாந்தைச் சேர்ந்த ரோபாதம் என்பவர் 1980-ல் எடுத்துக் கூறினார். பிராணியின் வயிற்றில் சாகாமல் இருக்கப் பழகிய கிருமி, நம் உடலில் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களிலும் சாகாமல் இருக்கத் தேர்ந்துவிடுகிறது என்பதே இதிலுள்ள அபாயம்.

நம் கதைக்கு இன்னும் நெருங்கியது வாந்திபேதி. அக்கிருமியின் இனங்களுள் ஓ-1 என்பதொன்றே பெருவாரியாகப் பரவவல்லது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சென்னையிலேயே ஓ-139 என்னும் புது இனம் தோன்றி, விரைவில் வங்காளத்திலும் பங்களாதேசத்திலும் பரவி அநேகரைப் பீடித்தது. அந்த ஓ-139 கிருமி, அகந்தமீபா என்னும் ஜலவாழ் அமீபாவின் உள்ளே பிழைத்துப் பெருகவும் கூடும் என்பதை 2005-ல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். ஓ-1 இனத்துக்கும் அவ்வாற்றல் உண்டு என்பது 2007-ல் வெளியாயிற்று. வேறொரு வகை இழைப்பிராணி, தான் விழுங்கிய வாந்திபேதிக் கிருமிகளைச் சிறு உருண்டைகளாக வெளித்தள்ளுகிறது என்றும், அவ்வுருண்டைக்குள் இருக்கும் கிருமி வயிற்றுப் புளிப்பைத் தாங்கி அதிக வலிமையுடன் குடலைப் பற்றுகிறது என்றும் 2019-ல் எலிக்குஞ்சுகளைக் கொண்டு காட்டினார்கள்.

இவை ஆராய்ச்சிச்சாலையில் கண்டவை. ஊரில் வாந்திபேதி பரவுவதெல்லாம் அமீபாவினால் என்று எவரும் தீர்மானித்துவிடலாகாது. மனிதர் கழித்த மலம் ஜலத்தில் கலப்பதே இன்றும் முதற்காரணம். ஆயினும் வாந்திபேதிக் கிருமியும் அதன் இனத்தவையும் கழிமுகத்தின் உவர் ஜலத்தில் இயற்கையாகவே வாழ்பவை. பழவேற்காட்டு ஏரி போன்ற வெதுவெதுப்பான உப்பங்கழி அவற்றுக்கு உகந்த இடம். ஆதலால் அங்குள்ளவர்கள் மற்றவர்களைவிட ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை.

மருந்துத் தூளின் விஷயத்திற்கு வருகிறேன். ஜலத்தில் தனித்து மிதக்கும் கிருமிகளைக் கொல்லும் குளோரின் அளவு, ஓரணுப் பிராணியின் வயிற்றுக்குள் இருக்கும் கிருமிகளைக் கொல்லுவதில்லை என்று 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது. அகந்தமீபாவோ கஷ்டகாலம் வந்தால் தன்னைச் சுற்றி இரட்டைச் சுவருள்ள உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே உறங்கும். குடிஜலத்தில் இடும் குளோரின் அவ்வுறையை ஒன்றும் செய்யாது. தொட்டிச் சுவரில் படிந்த வழுவழுப்போ இவ்விருவருக்கும் மதில் போன்றது. சேறும் வழுவழுப்பும் குளோரினைத் தாமே குடித்துத் தீர்த்துவிடுவதால் ஜலத்திற்கு மிஞ்சுவது சொற்பம். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு நான் அன்றே சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான்: கழுவாத தொட்டியில் இட்ட மருந்து பாதி மருந்துகூட ஆகாது.

இரண்டையும் ஒத்துப் பார்த்தால்

ஒரே பிராணி ஓரிடத்தில் காவலாளியாகவும் மற்றோரிடத்தில் கள்ளனுக்கு இடங்கொடுப்பவனாகவும் இருப்பது எப்படி? என் அபிப்பிராயத்தில் இது இடத்தைப் பொறுத்தது. மணல் வடிகட்டியில் ஜீவப்படலம் ஜலத்திற்கு மேற்புறத்தில் இருக்கிறது. ஜலம் அதைக் கடந்து, அதற்கும் கீழே மூன்றடி மணலைக் கடந்து, பின்னரே நமக்கு வருகிறது. மேய்ச்சல் அங்கே, குடிப்பது இங்கே. மேல்தொட்டியிலும் குடத்திலும் பிளாஸ்டிக் பீப்பாயிலும் படலம் படிந்தால், அதிலிருந்து பெயர்ந்து வருவது நேராக நம் வாய்க்கு வருகிறது. மேய்ச்சல் நிலமும் சாப்பாட்டுக் கூடமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஜீவப்படலம் மணலின்மேல் இருக்கவேண்டும், பாத்திரத்தில் இருக்கலாகாது. இவ்வொரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

இதற்கு எழக்கூடிய ஆக்ஷேபணைகளையும் கவனிப்போம். மருந்தைக் குறைகூறினால் ஜனங்கள் அதையும் நிறுத்திவிடுவார்கள் என்று சுகாதார இலாகாவினர் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானது. ஆகையால் அழுத்தமாகச் சொல்லுகிறேன்: குளோரினை ஒருநாளும் நிறுத்தலாகாது. தனித்து மிதக்கும் வாந்திபேதி, டைபாய்டு முதலிய கிருமிகளை அது விரைவில் கொல்லும். அது காப்பாற்றிய உயிர்கள் எண்ணிறந்தவை. நான் ஆக்ஷேபிப்பது, அதை இட்டுவிட்டால் மற்றக் கடமைகள் தீர்ந்தன என்னும் நினைப்பை மட்டுமே.

மணல் வடிகட்டி பழைய காலத்துச் சாதனம், மெதுவாக வேலை செய்வது, இடத்தை அடைப்பது என்று எஞ்சினீயர்கள் சொல்லக்கூடும். பெரிய நகரங்களுக்கு அது பொருந்தலாம். ஒரு குப்பத்தின் கணக்கைப் பார்ப்போம். நூறு வீடுகளில் ஐந்நூறு பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம், நாளொன்றுக்கு 5,000 லிட்டர் வேண்டும். மெல்ல வடிக்கும் வடிகட்டியின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் மணிக்கு 100 லிட்டர் தாராளமாக இறங்கும். இரவும் பகலும் ஓடினால் 2,400 லிட்டர். ஆக, ஐந்தடிக்கு ஐந்தரையடியுள்ள தொட்டி ஒன்றே அவ்வூருக்குப் போதும். ஒன்றைச் சுத்தஞ்செய்யும்போது மற்றொன்று ஓடுவதற்காக இரண்டாகக் கட்டவேண்டும். வலை உலர்த்தும் இடத்தில் ஒரு மூலை அதற்குக் கிடைக்காதா?

அதன் குறையையும் மறைக்கலாகாது. மணல் உப்பை நீக்காது. ஆகையால் உவர்க்கிணற்று ஜலத்தை வடிப்பதில் பயனில்லை. மழைநீர்க்குளம், நன்னீர் ஊற்று, ஆறு ஏரிகளிலிருந்து மருந்திடாமல் கொண்டுவரும் ஜலம் ஆகியவற்றுக்கே அது உதவும். ஜலம் மிகக் கலங்கலாக இருந்தால் முதலில் தேக்கித் தெளியவிடவேண்டும்.

செய்யத் தக்கவை

முதலாவது, மேல்தொட்டியையும் வீட்டுப் பீப்பாய்களையும் தவறாமல் காலிசெய்து, சுவரையும் அடியையும் பிரஷ்ஷினால் நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். எப்பொழுது கழுவியது என்னும் தேதியைத் தொட்டியின் வெளிச்சுவரில் யாவரும் பார்க்கும்படி எழுதிவைக்கவேண்டும். பஞ்சாயத்துக் கணக்கில் மருந்துத் தூளுக்கு ஒரு தொகை இருப்பதுபோலத் தேய்க்கும் கூலிக்கும் ஒரு தொகை இருக்கவேண்டும். இவ்வேலை பெண்கள் தலையில் கூலியின்றி விழுவது சரியன்று.

இரண்டாவது, கழுவிய பின்னரே மருந்து. நல்ல பிளீச்சிங் பவுடராயின் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 2½ கிராம் வீதம் கரைத்து, தெளிந்த மேல்ஜலத்தை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்கவேண்டும். ஈரமும் வெப்பமும் அத்தூளின் வீரியத்தைக் கெடுத்துவிடும். ஏரிக்காற்றில் வாய்திறந்த மூட்டையில் கிடந்த தூள், பெயருக்குத்தான் மருந்து. மூடிபோட்ட பாத்திரத்தில் நிழலில் வைத்து, காலாகாலத்தில் புதிதாக வாங்கவேண்டும்.

மூன்றாவது, தகுந்த ஜலம் கிடைக்கும் குப்பங்களில் மணல் வடிகட்டி கட்டவேண்டும். ஏறக்குறைய மூன்றடி உயரத்திற்கு நன்றாக அலசிய மெல்லிய ஆற்றுமணல், அதன்கீழ் சரளைக்கல். மணலின்மேல் எப்பொழுதும் ஜலம் நிற்கவேண்டும். காயவிட்டால் மேய்ச்சற்காரர்கள் மடிந்துபோவார்கள். ஓட்டம் குறையும்போது மேலே ஓரங்குலத்துக்குள் மட்டும் சுரண்டி எடுத்தால் போதும். எடுத்த பின்பும், புதிதாகக் கட்டிய பின்பும், படலம் மறுபடி படியும்வரை அந்த ஜலத்தைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. மருந்தை வடிகட்டிக்குப் பின்னால் இடவேண்டும். மேலே இட்டால் காவலாளியை நாமே கொன்றவர்களாவோம்.

நான்காவது, வீட்டில் செய்வது. பங்களாதேசத்தில் மட்லாப் என்னும் இடத்துக் கிராமங்களில், பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்து ஜலத்தை வடித்த குடும்பங்களில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று 2003-ல் வெளியாயிற்று. கிருமிகளைச் சுமந்துகொண்டிருக்கும் சிறு ஜலப்பூச்சிகளைத் துணி தடுத்ததே காரணம். துணியின் இழைகளைத் தாண்டி அமீபாவும் தனிக் கிருமியும் போய்விடும். ஆகையால் வடித்தபின், குழந்தைகளுக்காவது, கொப்பளிக்கும்படி காய்ச்சிக் கொடுக்கவேண்டும். கொதிக்கும் ஜலத்தில் கிருமியும் தப்பாது, உறைக்குள் உறங்கும் அமீபாவும் தப்பாது.

இறால் வளர்ப்போருக்கு ஒரு சொல்

ஏரியைச் சுற்றி இறால் வளர்ப்பவர்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும். குஞ்சு விடுவதற்குமுன் குளத்து ஜலத்தில் குளோரின் இட்டு எல்லா உயிர்களையும் கொல்லுகிறார்கள். நோய்க்கிருமியைச் சுமக்கும் நண்டு முதலியவற்றை ஒழிக்க அது வேண்டியதே. ஆனால் அதே மருந்து மேய்ச்சற் பிராணிகளையும் கொன்றுவிடுகிறது. மருந்தின் வீரியம் தணிந்ததும், போட்டியும் பகையும் இல்லாத அந்த ஜலத்தில் முதலில் கிடுகிடுவென்று பெருகுவது வேகமாக வளரும் விப்ரியோ இனங்களே. இரவில் ஜலத்தை மினுமினுக்கச் செய்து இறாலைக் கொல்லும் கிருமியும் அவ்வினத்தது. ராதாம்ஸ்டெட்டில் மண்ணில் கண்டதும் இதுவே. ஆகையால் மருந்திட்ட மறுநாளே குஞ்சு விடாமல், காற்றூட்டி, பாசியும் ஓரணுப் பிராணிகளும் மீண்டும் நிலைகொள்ளும்வரை பொறுத்திருப்பது உத்தமம். அதே சமயம், தீனி மிஞ்சி அடியில் கறுஞ்சேறு சேரவிட்டால், இப்பிராணிகளில் சில இறாலின் செவுளிலேயே ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. இங்கும் தூளுக்கு முன்னால் துப்புரவே வேண்டும்.

முடிவாக ஒரு யோசனை. ஒரு புது நெல்லை ரயத்துகள் ஏற்றுக்கொள்ளும்படி செய்ய, நாம் ஒரு வயலில் பயிரிட்டுக் காட்டுகிறோம், வார்த்தையால் மாத்திரம் சொல்லுவதில்லை. அதுபோல ஏரிக்கரையில் ஒரு குப்பத்திலேனும் மணல் வடிகட்டி ஒன்றைக் கட்டி, ஒரு வருஷகாலம் ஓட்டி, ஜலத்தை மாதாமாதம் பரீக்ஷித்து, ஊரார் கண்ணெதிரே கணக்கைப் படித்துக் காட்டவேண்டும். விவசாயம், மீன்வளம், சுகாதாரம் ஆகிய மூன்று இலாகாக்களும் பஞ்சாயத்தும் கூடினால் இது பெரிய காரியமன்று. தொட்டியைத் தேய்க்கும் வேலைக்கோ எந்த உத்தரவும் வரவேண்டியதில்லை. நான் இப்பொழுது குப்பங்களுக்குப் போகும்போது மருந்து போட்டீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் ஏணியைக் கொண்டுவரச் சொல்லுகிறேன்.